வலது காலுக்கு மட்டும் இட்லி

"கேக்கறதுக்கு இன்னா பயம்? போய் கேளேன்."

"நீங்க கேளுங்க."

"நான் கேட்டா சிரிப்பானுங்க. பொண்டாட்டி மூஞ்சிய பாக்காம ஒரு நாள் இருக்க முடியாதாடான்னு சூப்பர்வைசர் பேஜார் பண்ணுவாரு."

"இருக்க முடியுதா?"

ஹேமந்த் தட்டில் மிச்சமிருந்த இட்லியைப் பிட்டு, பெரிய பாதியை அவள் தட்டில் வைத்துவிட்டு, சின்னப் பாதியைச் சாம்பாரில் தோய்த்துத் தின்றான்.

கல்யாணமான புதிதில், ஒரு காலை நேரத்தில், கம்பெனி கேன்டீனில் நடந்த பேச்சு இது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து தோலைத் திருப்பித் திருப்பித் தைக்கும்போதெல்லாம் மோகனா இதை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். அந்தப் பாதி இட்லி வரும் இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் மேலே போவாள்.

கேட்க வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் நீளமாகப் படுத்திருக்கும் அந்த ஷூ கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. அவளுக்குப் பகல் ஷிப்ட். அவனுக்கு, ஷூவுக்கு அடிப்பாகம் வார்க்கும் மெஷினில் ராத்திரி ஷிப்ட். இரண்டு பேரையும் ஒரே ஷிப்டில் போட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அவன் காண்ட்ராக்ட் ஆள். எதையாவது கேட்டவர்கள் மறு மாசம் என்ன ஆனார்கள் என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். எனவே அவள் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

மாதனூர் பக்கத்தில் அவர்கள் ஊருக்கு வருவது ஒரே ஒரு கம்பெனி பஸ். சாயங்காலம் அவளை இறக்கிவிட்டு அவனை ஏற்றிக்கொண்டு போகும். அவள் இறங்கும் படியில் அவன் ஏறுவான். காலையில் கம்பெனி வாசலில் இதே சங்கதி மறுபடி நடக்க வேண்டும். ஆனால் காலையில் டிரைவருக்கு டிபன் சாப்பிட வேண்டியிருந்தது. நல்ல மனுஷர், நிதானமாகச் சாப்பிடுவார். அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பல் குத்துகிற வரைக்கும் பஸ் நிற்கும். அந்த நேரம்தான் மோகனாவுக்கும் ஹேமந்துக்கும் குடும்ப வாழ்க்கை. அதை அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, இட்லி தின்றபடி, வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்று உண்டு. அன்றைக்கு அவன் தூங்குவான்.

இப்படி இருக்கும்போதுதான் மனிதவள மேலாளர் சூரியபிரகாஷ் ஏலகிரிக்குப் பயிற்சி முகாம் போய்வந்தார். மலைமேல் ஒரு சொகுசு விடுதியில் நடந்த முகாம். தலைப்பு, சாப்பிடாமல் இருப்பது. முகாமில் பரிமாறிய மட்டன் பிரியாணியைப் பற்றி அவருடைய கார் டிரைவர் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவார்.

திரும்பி வந்த மறுநாளே கம்பெனி மைதானத்தில் கூட்டம்.

"அன்பான தொழிலாளர் குடும்பமே!" என்று தொடங்கினார் சூரியபிரகாஷ். "நமக்கு வியாதிகள் எங்கிருந்து வருகின்றன? சாப்பாட்டிலிருந்து வருகின்றன. நம் முன்னோர்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டார்களா? இல்லை. ஏன்? கிடைக்கவில்லை. அதனால் ஒல்லியாக, திடமாக, கேள்வி கேட்காமல் உழைத்தார்கள். அந்தப் பொற்காலத்தை இன்று நிர்வாகம் உங்களுக்கு இலவசமாகத் திருப்பித் தருகிறது!"

கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள்.

திட்டம் இதுதான். ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு. மிச்சம் எட்டு மணி நேரத்துக்குச் சாப்பாட்டு ஜன்னல் திறந்திருக்கும். நண்பகலில் திறந்து ராத்திரி எட்டுக்கு மூடும். ஆகையால் காலை டிபன் ரத்து. உலகமே இப்படித்தான் இளைத்துக்கொண்டிருக்கிறது என்று சூரியபிரகாஷ் திரையில் படம் போட்டுக் காட்டினார். படத்தில் இளைத்திருந்தவர்கள் யாரும் அதற்கு முன்னால் ஒல்லியாக இருந்தவர்கள் இல்லை.

தையல் லைனில் மோகனாவுக்குப் பக்கத்து மெஷின் முத்துமாரி. வாய் சும்மா இருக்காது. எழுந்து நின்றாள். "சார், நைட் ஷிப்ட் ஆளுங்க பகல்ல தூங்குவாங்களே. அவங்க ஜன்னல் தெறந்து இருக்கறப்ப தூங்குவாங்க, மூடனப்புறம் முழிச்சிட்டு இருப்பாங்க. அவங்க எப்ப சார் துண்றது?"

சூரியபிரகாஷ் முகம் மலர்ந்தது. இப்படியொரு கேள்விக்குத்தான் காத்திருந்தவர் போலப் பேசினார். "தூங்குகிறவனுக்குப் பசி தெரியாது. வேலை செய்கிறவனுக்குப் பசி ஞாபகம் வராது. ஆக, நைட் ஷிப்ட் ஊழியர்கள்தான் இத்திட்டத்தின் முன்மாதிரி. அவர்களுக்காக இன்னொரு முறை கைதட்டுவோம்!"

தட்டினார்கள். ராத்திரி வேலை முடித்து நின்றுகொண்டிருந்த ஹேமந்தும் தட்டினான். பாதித் தூக்கத்தில் இருந்ததால் எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் கேன்டீனில் இரும்பு ஷட்டர் போட்டார்கள். கேன்டீன் பூவம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அடுப்பு பத்த வெக்காம நான் இன்னா சார் பண்றது இங்க?" என்று கேட்டாள்.

"வெந்நீர் கொடுங்கள். எலுமிச்சை பிழிந்து."

"அதுக்கும் அடுப்பு பத்த வெக்கணும் சார்."

வாசல் செக்யூரிட்டிகளுக்குப் புது வேலை வந்தது. இதுவரை வெளியே போகிற பையில் தோல் துண்டு இருக்கிறதா என்று பார்த்தவர்கள், இனிமேல் உள்ளே வருகிற பையில் உப்புமா இருக்கிறதா என்று பார்த்தார்கள். மதியச் சோற்றுக்கான டப்பாக்களை வாங்கி அலமாரியில் பூட்டி, ஜன்னல் திறக்கும் நேரத்தில் கொடுத்தார்கள்.

சாம்பிள் ரூம் மாஸ்டர் வக்கார் அகமதுவுக்கு மட்டும் இது பிடிபடவே இல்லை. "நாங்களும்தான்மா நோன்பு வெக்கறோம்," என்றார் மோகனாவிடம். "பகல் பூரா தண்ணிகூட தொடமாட்டோம். ஆனா பாங்கு சொன்னா வூட்ல எல்லாரும் ஒண்ணா உக்காருவோம், பக்கத்து வூட்டுக்கும் கஞ்சி போவும். இது இன்னா நோன்பு? யாருக்காக வெக்கறது, யாரோட உக்காந்து தொறக்கறது?"

யாரோடு என்பதுதான் மோகனாவுக்கும் மனசில் அடித்துக்கொண்டது. டிபன் இல்லையென்றால் டிரைவருக்குக் காலையில் நிற்க வேலையில்லை. பகல் ஆட்களை முன்வாசலில் இறக்கிவிட்டு, பின்வாசலுக்குப் போய் ராத்திரி ஆட்களை அள்ளிப் போட்டுக்கொண்டு உடனே கிளம்பினார். ஒரு நிர்வாக உத்தரவு மனுஷர்களின் வயிற்றை மட்டும் தொடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் சந்தித்ததெல்லாம் சாயங்காலம் பஸ் படியில்தான். இறங்குகிறவளுக்கும் ஏறுகிறவனுக்கும் நடுவில் ஒரு வாக்கியத்துக்குத்தான் இடம் இருந்தது. அதுவும் சின்ன வாக்கியம். பின்னால் நிற்பவர்கள் தள்ளுவார்கள்.

"நேத்து ரசத்துல உப்பு ஜாஸ்தி," என்றான் திங்கட்கிழமை.

"அது ரசம் இல்ல, சாம்பாரு," என்றாள் மறுநாள்.

"அப்ப தண்ணி ஜாஸ்தி," என்றான் அதற்கு மறுநாள்.

அவள் கோபித்துக்கொண்டு ஒரு நாள் பேசாமல் இறங்கினாள். அன்றைய வாக்கியம் வீணாகிப் போனதே என்று வீட்டுக்குப் போய் அழுதாள். சமாதானம் ஆவதற்கு அந்த வாரம் முழுக்க ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவன் சுவரைப் பார்த்துத் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவன் முதுகுப் பக்கம் உட்கார்ந்து வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததைச் சொன்னாள். கேஸ் தீர்ந்துவிட்டது, தம்பிக்கு வாணியம்பாடியில் வேலை கிடைத்துவிட்டது, தலை சுற்றுகிறது, நேற்று ஊசி விரலுக்குப் பக்கத்தில் இறங்கியது, ரொம்ப நாளாக ஒன்று கேட்க வேண்டும். அவன் குறட்டை விட்டான். அவனும் இளைத்திருந்தான். சட்டைக்குள் தோள் எலும்பு தனியாகத் தெரிந்தது.

மோகனா ஏற்கெனவே ஒல்லி. விடிவதற்குள் சமைத்து வைத்துவிட்டு ஓடிவந்து பஸ் ஏறுகிறவள். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரலாமே என்றால் அந்த நேரத்தில் வாயில் ஒன்றும் இறங்காது. அதோடு, கேன்டீனில் அவனோடு தின்றே பழகிவிட்டது. இப்போது வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. கம்பெனி அதைக் கவனித்தது. அந்த மாதத்தின் 'இளைத்த நட்சத்திரம்' என்று அவளுக்கு ஒரு பட்டையைக் குறுக்கே போட்டு, நோட்டீஸ் போர்டில் படம் ஒட்டினார்கள். பட்டை தோளில் நிற்காமல் நழுவியதால் பின் குத்த வேண்டியிருந்தது. படம் எடுத்து முடிந்ததும் அவள் மயங்கி விழுந்தாள். அது படத்தில் வரவில்லை.

இங்கே மோகனாவின் வலது காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தையல் லைனில் இருந்தாலும், கம்பெனிக்கு அவளால் பெரிய உபயோகம் அந்தக் காலால்தான். பெண்கள் ஷூவில் முதல் சாம்பிளை எப்போதும் முப்பத்தேழாம் சைஸில் செய்வார்கள். அந்த சைஸுக்கு நீளம், அகலம், பாதத்தின் சுற்றளவு எல்லாம் நூல் பிடித்தாற்போல் பொருந்துகிற கால் லேசில் கிடைக்காது. வக்கார் பாய் ஒரு நாள் வராந்தாவில் அவள் செருப்பைக் கழற்றும்போது பார்த்துவிட்டு, "ஆண்டவன் அச்சுல போட்டு எடுத்த கால்மா இது!" என்று சாம்பிள் ரூமுக்குக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து எந்தப் புது ஷூவும் அவள் காலில் ஏறி, அவள் 'சரி' என்று சொன்ன பிறகுதான் ஆயிரக்கணக்கில் தைக்கப்பட்டு வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறும்.

அந்தக் கால் இளைத்துவிட்டது.

"லூஸா இருக்குது பாய்," என்றாள் மோகனா, புது சாம்பிளைப் போட்டுப் பார்த்து.

வக்கார் பாய் ஷூவையும் பார்த்தார், காலையும் பார்த்தார். எது தப்பென்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் திட்டத்தால் யாருக்கும் எந்தக் குறையும் வந்ததாகப் பேசக் கூடாது என்று அப்போதுதான் சுற்றறிக்கை வந்திருந்தது. பெருமூச்சு விட்டு, ஷூவைச் சின்னதாக்கினார்.

மூன்று மாதம் கழித்துக் கடல் தாண்டிப் புகார் வந்தது. ஷூ எவர் காலிலும் ஏறவில்லை. அந்த நாட்டுப் பெண்கள் கடைகளில் உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரர்களைத் திட்டுகிறார்களாம். சரக்கு மொத்தமும் திரும்பி வருகிறது.

விசாரணைக் கூட்டம் போட்டார்கள். மோகனாவின் வலது காலைத் துணி விரித்த ஸ்டூல்மேல் வைத்து, சுற்றி உட்கார்ந்தார்கள். திட்டத்தை முதலாளியே திறந்து வைத்திருந்ததால் திட்டத்தில் தவறு இருக்க வழியில்லை. வக்கார் பாய் கை தங்கக் கை. எனவே தவறு காலின் மேல் என்று முடிவாயிற்று.

"இந்தக் கால் நிர்வாகத்திடம் சொல்லாமல் தன்னிச்சையாக இளைத்திருக்கிறது," என்றார் சூரியபிரகாஷ்.

"சார், நீங்கதானே இளைக்கச் சொன்னீங்க," என்றாள் மோகனா.

"உன்னை இளைக்கச் சொன்னோம். காலை யார் சொன்னது?"

மோகனா யோசித்துப் பார்த்தாள். காலை யாரும் சொல்லவில்லைதான்.

நெடுநேரம் பேசி ஒரு தீர்வுக்கு வந்தார்கள். ஊழியர் மோகனா திட்டத்தில் தொடர்வார். அவருடைய வலது காலுக்கு மட்டும் விலக்கு. அந்தக் கால் பழைய சுற்றளவுக்குத் திரும்பும்வரை காலையில் இரண்டு இட்லி.

வக்கார் பாய் தொண்டையைச் செருமினார். "இட்லி வாயிலதானே சார் போவும்? கால் வரைக்கும் போறதுக்குள்ள வழியில உடம்பு இருக்குதே."

"வழியில் தங்காமல் பார்த்துக்கொள்வது ஊழியரின் பொறுப்பு," என்றார் சூரியபிரகாஷ். "வேண்டுமானால் வலது காலில் பாரத்தைப் போட்டு, நின்றபடி சாப்பிடட்டும்."

அப்படியே நடந்தது. தினமும் காலையில், மோகனா ஒருத்திக்காகப் பூவம்மாள் இரண்டு இட்லி வேகவைத்தாள். கண்ணாடிச் சுவர் போட்ட சாம்பிள் ரூமில் மோகனா ஒற்றைக் காலில் நின்று அதைத் தின்ன வேண்டும். தின்பதற்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் காலைச் சுற்றி டேப் வைத்து அளந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல் லைன் முழுக்க நிமிர்ந்து பார்த்தது.

"ஏண்டி, எங்க காலுக்கும் ரெண்டு சொல்லேன்," என்றாள் முத்துமாரி. கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கண் தட்டைவிட்டு நகரவில்லை. மோகனாவுக்கு இட்லி பஞ்சு மாதிரிதான் இருந்தது, முழுங்கத்தான் முடியவில்லை. எதிரே ஆள் இல்லாமல் இட்லியைப் பிட்டால் பெரிய பாதியை எங்கே வைப்பது?

ஒரு நாள் சாயங்காலம் பஸ் படியில் ஏறியவனின் வலது கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

"இன்னாங்க இது!"

"கண்ணு இருட்டிடிச்சி. மெஷின் சூடு..." என்று தொடங்கினான். பின்னால் தள்ளினார்கள். அவன் உள்ளே போய்விட்டான். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. மோகனா பஸ்ஸின் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினாள். ஜன்னலில் அவன் கட்டுப்போட்ட கையை ஆட்டி, ஒன்றுமில்லை, போ என்றான். எவ்வளவு வெந்தது, மருந்து போட்டார்களா, கட்டோடு ஏன் வேலைக்குப் போகிறான், ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து, ஒரே வாக்கியத்தில் கேட்டு, அதற்கு மறுநாள் வரைக்கும் காத்திருந்து, ஒரே வாக்கியத்தில் பதில் வாங்க வேண்டும். அன்றைக்கு வீட்டுக் கதவைத் திறக்காமல் வாசல் படியிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் இட்லி வந்தபோது அவள் ஒன்றைத்தான் தின்றாள். மற்றதை ஷூ சுற்றும் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிச் சுற்றினாள். சாயங்காலம் படியில் அவன் கையில் திணித்துவிட்டால், சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய், கண் இருட்டுவதற்கு முன்னால் எப்போதாவது தின்பான். பூவம்மாக்கா இட்லி என்றால் அவனுக்கு உயிர். அதுவரை எங்கே ஒளிப்பது? பையைத் திறந்து பார்ப்பார்கள். மேசைமேல் அன்றைய சாம்பிள் ஷூ இருந்தது. வலது கால் ஷூவுக்குள் பொட்டலத்தை வைத்துத் தட்டிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மதியம் வருவதாக இருந்த வெளிநாட்டு நிபுணர், சரக்கு திரும்பிய கோபத்தில் காலையிலேயே வந்துவிட்டார். கூட சூரியபிரகாஷ். அவர்களுக்குப் பின்னால், மேல்விஷாரத்து வீட்டிலிருந்து அவசரமாகப் புறப்பட்டு வந்த முதலாளி மக்பூல் அகமது.

"ம், போடு, போடு," என்று சூரியபிரகாஷ் ஷூவை எடுத்து அவள் காலடியில் வைத்தார்.

"சார், ஒரு நிமிஷம்..."

"போடும்மா! அவருக்கு நேரமில்லை."

மோகனா காலை நுழைத்தாள். உள்ளங்காலுக்கு அடியில் இட்லி இன்னும் வெதுவெதுவென்று இருந்தது. நிற்கச் சொன்னார்கள். நின்றாள். நடக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு அடிக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக நசுங்குவது அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கென்று எடுத்து வைத்தது. அவள் கண்ணில் நீர் முட்டியது.

நிபுணர் குனிந்து ஷூவை அழுத்திப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. இன்னொரு தரம் அழுத்தினார். கட்டைவிரல் உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வந்தது. இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படியொரு மெத்தையைப் பார்த்ததில்லை என்றார். காலுக்கு, கண்ணீர் வரும் அளவுக்குச் சுகமாக இருக்கிறது போலிருக்கிறதே என்று மோகனாவைக் காட்டினார்.

சூரியபிரகாஷ் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "எங்கள் ஆராய்ச்சிப் பிரிவின் கண்டுபிடிப்பு," என்றார். கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவு என்று ஒன்று கிடையாது. "முழுக்க உள்நாட்டுப் பொருள். இயற்கையானது. மண்ணில் மட்கக்கூடியது. உடல்நலத் திட்டத்தின் நேரடி விளைவு."

நிபுணர் பழைய புகாரை மறந்துவிடலாம் என்றார். இதே மெத்தையோடு எவ்வளவு தைத்துத் தர முடியும் என்று கேட்டார். முதலாளியின் முகம் பெருநாள் மாதிரி ஆனது. வக்கார் பாய் மட்டும் மூக்கை உறிஞ்சி, சுற்றுமுற்றும் பார்த்து, தட்டில் ஒரு இட்லி இருந்த இடத்தில் மட்டும் பிட்ட துணுக்கோ சாம்பாரோ இல்லாமல் வெறும் ஈரத்தடம் இருப்பதைக் கண்டார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தாம்மா," என்றார் முதலாளி, மோகனாவிடம். "உன் காலால கம்பெனி மானம் பொழச்சிது. உனக்கு இன்னா வேணும்? பயப்படாம கேளு."

கேளு. அவனும் அதைத்தான் சொன்னான். கேக்கறதுக்கு இன்னா பயம்?

"சைக்கிள் கேட்கலாம், குக்கர் கேட்கலாம்," என்று சூரியபிரகாஷ் காதோரம் எடுத்துக் கொடுத்தார். "அல்லது திட்டத்துக்கு நன்றி சொன்னாலே போதும்."

மோகனா ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றினாள். உள்ளே கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்தாள். அது அப்பளம் மாதிரி தட்டையாகியிருந்தது. அவள் குதிகால் தடம் அப்படியே அதில் பதிந்திருந்தது. நிபுணர் அதை அருகில் பார்க்கக் கை நீட்டினார். மோகனா கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இது மெத்தை இல்ல சார். இட்லி," என்றாள். "எங்க வூட்டுக்காரருக்கு எடுத்து வெச்சேன். நைட் ஷிப்ட்ல சோல் மெஷின்ல இருக்காரு. பேரு ஹேமந்த். கை வெந்துடிச்சி சார் அவருக்கு. எப்பிடி வெந்திச்சின்னு இன்னும் நான் கேக்கவே இல்ல. கேக்கறதுக்கு நேரம் இல்ல."

சூரியபிரகாஷ் குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

மோகனா இத்தனை நாளாக மெஷின் சத்தத்துக்குள்ளும், பஸ் படியிலும், தூங்குகிறவனின் முதுகுக்குப் பின்னாலும் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் என்பதால் ஒன்றுகூடத் தவறாமல் வரிசையாக வந்தன.

"எங்க ரெண்டு பேரையும் ஒரே ஷிப்ட்ல போடுங்க சார். சோறு எப்ப வேணா போடுங்க, போடாட்டியும் போவுது. அவரு எதிர்ல உக்காந்து நான் சாப்புடணும்."